கெட்டித் தயிர் அடுப்பில் தொடங்குகிறது

2013 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தயிர் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தது கிரேக்க நாட்டின் ஃபாயே நிறுவனம். எதிர்த்தரப்பு, நியூயார்க் மாநிலத்தில் தயிர் செய்து 2012இல் பிரிட்டன் கடைகளுக்குக் கொண்டுவந்த சோபானி. அமெரிக்காவில் செய்த தயிரை ‘கிரீக் யோகர்ட்’ என்று சொல்லி பிரிட்டனில் விற்கலாமா என்பதுதான் கேள்வி. விற்கக்கூடாது என்றார் நீதிபதி பிரிக்ஸ். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2014 ஜனவரியில் அதையே உறுதிசெய்தது. இதில் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. சோபானியும் தண்ணீரை வடித்துத்தான் தயிரைக் கெட்டியாக்கியிருந்தது. செய்முறையில் அதன்மேல் குறை சொல்ல இடமிருக்கவில்லை; பிறந்த ஊர்தான் அதற்கு எதிராக நின்றது. இன்று லண்டன் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஒரு டப்பாவில் ‘கிரீக்’ என்றும் பக்கத்து டப்பாவில் ‘கிரீக் ஸ்டைல்’ என்றும் இருப்பதற்குப் பின்னால் இந்தச் சட்ட வரலாறு இருக்கிறது. லண்டனின் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ வீட்டு அடுப்படியில் தயிர் உறைய வைக்கிறவருக்கு ஊர்ப்பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குப் பயன்படுவது வழக்கின் ஓரத்தில் கிடந்த இன்னொரு செய்தி: தயிரைக் கெட்டியாக்க இரண்டே வழிகள். உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்றலாம், அல்லது வெளியிலிருந்து எதையாவது சேர்க்கலாம். ‘ஸ்டைல்’ வகைகளில் பலவும் கிரீம், பால்பவுடர், மாவுச்சத்து என்று இரண்டாம் வழியில் போகின்றன.

முதல் வழியில் இறங்கும் வீட்டுக்காரர் பெரும்பாலும் முதலில் தேடுவது மெல்லிய துணியை. மஸ்லின் வாங்குகிறார், அல்லது பழைய பருத்தி வேட்டியைக் கிழிக்கிறார். கடைத் தயிரையோ வீட்டுத் தயிரையோ அதில் கொட்டித் தொங்கவிடுகிறார். வடிந்தது கிடைக்கிறது. ஆனால் சில நாள் வழவழப்பாகவும் சில நாள் மணல்மணலாகவும், சில நாள் துணி வழியாகத் தயிரே பாதி ஒழுகியும் கிடைக்கிறது. குற்றம் துணியின் நெசவில் இருப்பதாக நினைத்துத் துணியை மாற்றுகிறார்கள். துணி செய்யும் வேலை மிகச் சிறியது. தயிர் ஏற்கெனவே விடத் தயாராக இருக்கும் தண்ணீருக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். எவ்வளவு தண்ணீரை எவ்வளவு எளிதில் தயிர் விடும், அந்தத் தண்ணீரோடு எந்தப் புரதம் போகும், எது தங்கும் என்பவை முந்தின நாள் பால் அடுப்பில் இருந்த வெப்பத்தாலும் நேரத்தாலும் பெருமளவு முடிவாகிவிடுகின்றன. லண்டனில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இங்கே பாலைக் காய்ச்சாமலேயே வாழ்ந்துவிட முடியும்.

ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 900 கிராம் தண்ணீர். மிச்சத்தில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை 48 கிராம் அளவில், புரதம் 35 கிராமை ஒட்டி, பிறகு கொழுப்பும் தாது உப்புகளும். புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். அது தனித்தனி மூலக்கூறாக இல்லாமல், கால்சியம் பாஸ்பேட்டால் பிணைக்கப்பட்ட நுண்ணிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஓர் உருண்டையின் குறுக்களவு சராசரியாக மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பாலுக்கு வெண்மை தருவதில் கொழுப்போடு இவற்றுக்கும் பங்கு உண்டு. உருண்டைகளின் மேற்பரப்பில் கப்பா கேசின் என்ற வகை, மயிரிழைகள் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது; எதிர்மின்னூட்டமும் இருப்பதால் உருண்டைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பால் பாலாகவே இருப்பது இந்தத் தள்ளுதலால்தான். உறை ஊற்றியதும் பாக்டீரியா லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகிறது. 6.7 அளவில் இருந்த பாலின் பிஎச் இறங்கி 4.6ஐ நெருங்கும்போது மின்னூட்டம் தீர்ந்துபோகிறது. உருண்டைகள் ஒட்டிச் சங்கிலியாகி, சங்கிலிகள் வலையாகி, அத்தனை தண்ணீரையும் தம் கண்களுக்குள் பிடித்துக்கொள்கின்றன. பத்துக்கு எட்டு பங்குக்கு மேல் தண்ணீரான ஒரு பொருளைக் கத்தியால் வெட்ட முடிவது இந்த வலையின் வேலை.

புரதத்தின் மீதி ஐந்தில் ஒரு பங்கு உருண்டையில் சேராமல் தண்ணீரிலேயே கரைந்திருப்பது. அதில் முதன்மையானது பீட்டா லாக்டோகுளோபுலின். பச்சைப் பாலிலோ லேசாகச் சுடவைத்த பாலிலோ உறை ஊற்றினால் இது வலையில் சேருவதில்லை. வடிக்கும்போது தண்ணீரோடு போய்விடும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. சுருண்டிருக்கும் இந்த மூலக்கூறு விரிந்து, உள்ளே மறைந்திருந்த கந்தக முனை வெளியே வருகிறது. அந்த முனை கேசின் உருண்டையின் மேலிருக்கும் கப்பா கேசினோடு வேதிப்பிணைப்பில் பூட்டிக்கொள்கிறது. ஓடிப்போக இருந்த புரதம் உருண்டையின் தோலாகிவிடுகிறது. விளைவு பல முனைகளில் தெரிகிறது. காய்ச்சாத பால் பிஎச் 4.8ஐ ஒட்டித்தான் உறையத் தொடங்கும். நன்றாகக் காய்ந்த பால் 5.2, 5.3 அளவிலேயே தொடங்கிவிடும். வலையின் கண்ணிகள் அதிகமாகின்றன, தயிர் பல மடங்கு உறுதியாகிறது, தானாகத் தண்ணீர் விடுவது குறைகிறது. தயிர் ஆலைகள் பாலை 85 டிகிரியில் அரை மணி நேரமோ, 90 முதல் 95 டிகிரியில் ஐந்து நிமிடமோ வைத்திருப்பது இதற்காக. கிருமி கொல்வது மட்டும் நோக்கமென்றால் இவ்வளவு வெப்பம் தேவையே இல்லை.

லண்டன் கடைப் பாலுக்கு வருவோம். அது ஏறக்குறைய எல்லாமே பாஸ்டர் முறையில் பதப்படுத்தியது: சுமார் 72 டிகிரி, 15 நொடி. நோய்க்கிருமியை அழிக்க அது போதும். பீட்டா லாக்டோகுளோபுலினை விரிக்கப் போதாது. கொழுப்பு எடுக்காத நீல மூடிப் பாலை டப்பாவிலிருந்து ஊற்றி, வெதுவெதுப்பாக்கி, உறை கலந்தால் தயிர் கிடைக்காமல் போகாது. அது தளர்ந்து கிடக்கும், வடிக்கத் துணியில் இட்டால் உடைந்து ஒழுகும். தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ பாலைக் காய்ச்சாமல் உறை ஊற்றுவது வழக்கமில்லை. அங்கே காய்ச்சுவதற்குச் சொல்லப்பட்ட காரணம் பால் கெட்டுப்போகும் என்பது. அந்தக் காரணம் இங்கே செல்லாது என்று கண்டதும், காய்ச்சும் வழக்கமும் தேவையற்றதாகப் படுகிறது. காய்ச்சுவதற்கு இரண்டாவது காரணம் ஒன்று ஓசையில்லாமல் எப்போதும் இருந்தது. பழைய வீடுகளில் பால் பொங்கிய பிறகும் தணலில் நெடுநேரம் கிடந்தது. ஆடை தடித்து, நிறம் லேசாகச் சிவந்து, பிறகு ஆறியது. அந்தத் தயிர் கெட்டியாக இருந்ததற்கு மாட்டின் பெருமையைப் பலர் காரணமாகச் சொல்வார்கள். மாட்டுக்கும் பங்கு உண்டுதான். எருமைப்பாலில் புரதமும் கொழுப்பும் கூடுதல், இலங்கையில் சட்டியில் விற்கும் எருமைத் தயிர் அதற்குச் சாட்சி. ஆனால் தணலின் பங்கை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பொங்கியவுடன் அணைப்பது இதற்கு ஈடாகாது. தடித்த பாத்திரத்தில், அடுப்பைக் குறைத்து, பொங்கிய பிறகு இன்னும் பத்து நிமிடம் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டு வைத்திருந்தால் ஆலைக்குச் சமமான வெப்பம் கிடைத்துவிடும்.

காய்ச்சும் வேலையே இல்லாத ஒரு குறுக்குவழியாக நீண்டநாள் கெடாத யுஎச்டி பாலைச் சிலர் பரிந்துரைப்பது உண்டு. அது 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சுட்ட பால். புரதம் ஏற்கெனவே விரிந்திருக்கும், காய்ச்சத் தேவையில்லை. வசதிதான். அப்படிக் கிடைக்கும் தயிர் வழவழப்பாக இருந்தாலும், நிதானமாகக் காய்ச்சிய பாலின் தயிரைவிடப் பெரும்பாலும் சற்றுத் தளர்ந்தே நிற்கிறது. வெப்பம் எவ்வளவு என்பது மட்டும் போதாது, எவ்வளவு நேரம் என்பதும் பிணைப்பு எப்படி அமைகிறது என்பதை மாற்றுகிறது.

காய்ச்சிய பால் தயாரானதும் அடுத்த சிக்கல் உறை. ‘லண்டன் குளிருக்குத் தயிர் உறையாது’ என்ற புலம்பலில் பாதிதான் உண்மை. வீட்டுக்குள் 18, 20 டிகிரி என்பது குறைவுதான். ஆனால் கேள்வி யாருக்குக் குறைவு என்பது. நம் ஊர் வீடுகளில் தலைமுறையாகக் கைமாறும் உறைமோரில் வாழும் கூட்டத்தில் லாக்டோகாக்கஸ் இனங்கள் முக்கியமானவை. 30 டிகிரியை ஒட்டிய வெப்பம் அவற்றுக்குப் பிடித்தமானது, அதற்குக் கீழேயும் மெதுவாக வேலை செய்யும். கடையில் வாங்கும் யோகர்ட்டில் இருப்பவர்கள் வேறு: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸும், பல்கேரிய மாணவர் ஸ்டாமென் கிரிகோரோவ் 1905இல் ஜெனீவாவில் இனங்கண்ட லாக்டோபாசில்லஸ் பல்காரிகஸும். இவை 42, 43 டிகிரியில் விறுவிறுவென்று பெருகும். ஒன்று விடும் ஃபார்மிக் அமிலம் மற்றதற்கு உதவ, மற்றது புரதத்தை உடைத்துத் தரும் துண்டுகள் முதலாவதற்கு உணவாக, இரண்டும் சேர்ந்தால் நான்கைந்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சூப்பர் மார்க்கெட் தயிரை உறையாக எடுத்து, ஊரில் செய்ததுபோல மேடையில் மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போனால், வெப்பம் விரும்பும் பாக்டீரியாவைக் குளிரில் நிறுத்தியதாகிறது. காலையில் புளிக்காத பால் கிடப்பதில் வியப்பில்லை. வெந்நீர்க் குடுவை, விளக்கு மட்டும் எரியும் ஓவன், மின்சாரக் குக்கரில் இருக்கும் தயிர்ப் பொத்தான் எதுவானாலும் சரி, தேவை 40 டிகிரியை ஒட்டிய நிலையான சூடு. (பழைய லண்டன் வீடுகளில் வெந்நீர்த் தொட்டி வைத்திருக்கும் துணி உலர்த்தும் அலமாரி இதற்குத் தோதாக இருந்தது, புதிய கொதிகலன்கள் வந்தபின் அந்த அலமாரியே பல வீடுகளில் இல்லை.) 45 டிகிரிக்குப் போனால் விரைவில் உறையும், ஆனால் வலை அவசரத்தில் பின்னப்பட்டுக் கண்கள் பெரிதாகி மணல்தன்மையும் தண்ணீர் கக்குவதும் கூடும். ஓரிரண்டு டிகிரி குறைத்து, ஒரு மணி நேரம் கூடுதலாகக் காத்திருப்பது லாபம். உறையை அள்ளிப் போடுவதால் கெட்டித்தன்மை வராது. லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும்.

இனித் துணி. உறைந்த தயிரை முதலில் குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைத்து வலையை இறுகவிட்டு, பிறகு துணியிட்ட வடிகட்டியில் மெதுவாகச் சரிக்கவேண்டும். வடிவதும் குளிர்பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 5 டிகிரியோ அதற்குக் கீழோ வைக்கச் சொல்கிறது, அந்தக் குளிரில் பாக்டீரியா ஏறக்குறைய தூங்கிவிடுவதால் புளிப்பு மேலே ஏறாது. வெளியே இரவெல்லாம் தொங்கவிட்ட தயிர் புளித்துப்போவதற்குத் துணி பொறுப்பாகாது. நான்கு மணி நேரத்தில் கரண்டியில் நிற்கும். இரவு முழுவதும் என்றால் ரொட்டியில் தடவலாம். அதைத்தான் லெபனானியர் லப்னே என்கிறார்கள், மராட்டியத்திலும் குஜராத்திலும் சக்கா என்று சொல்லிச் சர்க்கரையும் ஏலக்காயும் குங்குமப்பூவும் சேர்த்து ஸ்ரீகண்ட் ஆக்குகிறார்கள். சலவைத் தூளின் வாசனை துணியில் தங்கினால் தயிருக்கும் அது வந்துவிடும் என்பதைத் தவிரத் துணியைப் பற்றிச் சொல்ல வேறு பெரிதாக ஒன்றுமில்லை.

எவ்வளவு வடிப்பது, எந்தப் பாலில் செய்வது என்பதற்கு வாயைவிடக் கணக்கு நம்பகமானது. கடையில் பெயர்பெற்ற 5 சதவீதக் கொழுப்புத் தயிரின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் நூறு கிராமில் புரதம் 9 கிராமை ஒட்டி இருக்கும். அதையே வீட்டில் எட்டவேண்டும் என்று கொழுப்பு முழுமையாக உள்ள நீல மூடிப் பாலில் இறங்குகிறவர் ஏமாறுவார். அந்தப் பாலில் லிட்டருக்குப் புரதம் சுமார் 35 கிராம், கொழுப்பு 36 கிராம். இரண்டும் துணியில் தங்குபவை. கடைப் பாலின் கொழுப்பு ஆலையிலேயே நுண்துளியாக உடைக்கப்பட்டுக் கேசினால் போர்த்தப்பட்டிருப்பதால் வலையின் பகுதியாகவே ஆகிவிடுகிறது, தண்ணீரோடு போவது மிகச் சொற்பம். ஆகவே எவ்வளவு வடித்தாலும் இரண்டும் சம அளவில்தான் ஏறும். புரதம் 9 சதவீதம் ஆகும்போது கொழுப்பும் 9ஐத் தாண்டியிருக்கும். பச்சை மூடி போட்ட, கொழுப்பு பாதி எடுத்த பாலுக்கு மாறிப் பார்க்கலாம். லிட்டருக்குப் புரதம் அதே 35, கொழுப்பு 18. 380 கிராம் மிஞ்சும் வரை வடித்தால் புரதம் 9 சதவீதத்தையும் கொழுப்பு 5 சதவீதத்தையும் ஒட்டி நிற்கின்றன. விலை உயர்ந்த டப்பாவின் எண்கள் மலிவான பாலிலிருந்து வருகின்றன. இது கண்கட்டு வித்தை இல்லை, வகுத்தல் கணக்கு. இந்தக் கணக்கு நிறைவேற ஒரு நிபந்தனை உண்டு: புரதம் முழுவதும் துணியில் தங்கவேண்டும். காய்ச்சாத பாலென்றால் கரைந்திருக்கும் அந்த ஐந்தில் ஒரு பங்கில் பெரும்பகுதி வடிந்தோடும், 35 என்று நினைத்தது 30ஐ ஒட்டி இறங்கிவிடும். கூடுதல் நேரம் வடித்துக் கெட்டியாக்கினாலும் அந்த இழப்பு திரும்பாது. கிண்ணம் சிறிதாகும், அவ்வளவுதான்.

இத்தனை பாடு எதற்கு, பாலில் பால்பவுடர் கலந்தால் வடிக்காமலேயே கெட்டியாகுமே என்பார்கள். நியாயமான மறுப்பு. லிட்டருக்கு 50 கிராம் கொழுப்பில்லாப் பால்பவுடர் சேர்த்தால் புரதம் 5 சதவீதமாகிறது; தயிர் சாதத்துக்கும் மோருக்கும் அது தாராளம், ஒரு துளியும் வீணாவதில்லை. இதை மட்டமாகப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பால்பவுடரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் புரதம், பாதி லாக்டோஸ். வடித்த தயிரின் 9 சதவீதத்தைப் பவுடரால் மட்டும் எட்ட முயன்றால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் கொட்டவேண்டும். சர்க்கரை 12 சதவீதத்தைத் தாண்டும், பவுடரின் உப்புச் சுவை நாக்கில் நிற்கும், பாக்டீரியா அத்தனையையும் தின்று முடிக்காது. அந்த எல்லையில் பவுடர் தோற்கிறது. பாலைச் சுண்டக் காய்ச்சும் நம் பழைய வழியும் ஏறக்குறைய இதே இனம்தான். தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, மற்றவை எல்லாம் அப்படியே அடர்கின்றன. கால் பங்கு சுண்டினால் பசும்பாலின் புரதம் எருமைப்பாலின் அளவுக்கு வந்துவிடும், சர்க்கரையும் சேர்ந்து ஏறும். வடித்தல் ஒன்றுதான் புரதத்தையும் கொழுப்பையும் வைத்துக்கொண்டு, தண்ணீரில் கரைந்தவற்றைத் தண்ணீரோடு அனுப்பும் முறை.

இதிலிருந்தே அடுத்த மறுப்பு பிறக்கிறது: தண்ணீரோடு சத்துப் போகிறதே. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இந்தக் குறையைச் சிரித்து ஒதுக்குவது தவறு. புரதத்தைப் பொறுத்தவரை, நன்றாகக் காய்ச்சிய பாலென்றால் இழப்பு சிறிது. வடிந்த தண்ணீரைத் தனியாகக் கொதிக்கவைத்தால் பன்னீர் போல ஏதாவது திரளும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. திரளவேண்டியது ஏற்கெனவே துணிக்குள் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் வே புரதம் இந்தத் தண்ணீரில் நிறைந்திருக்கிறது என்று குடிக்கிறவர்களும் இதைக் கவனிக்கலாம். அந்தப் பவுடர் பெரும்பாலும் சீஸ் செய்யும்போது வடியும் தண்ணீரிலிருந்து வருவது, அங்கே பால் இவ்வளவு காய்வதில்லை. கால்சியம் வேறு கதை. கேசின் உருண்டைகளைப் பிணைத்திருந்த கால்சியம் பாஸ்பேட், பிஎச் இறங்கியதும் கரைந்து தண்ணீருக்கு வந்துவிடுகிறது. பிறகு அது தண்ணீரின் தலைவிதியோடு போகும். லிட்டருக்கு 1200 மில்லிகிராம் அளவில் இருந்த கால்சியத்தில் மூன்றில் இரண்டு பங்கு, மேலே சொன்ன 380 கிராம் கணக்கில், வடிதண்ணீரில் கிடக்கும். நூறு கிராம் கெட்டித் தயிரில் புரதம் இரண்டரை மடங்கு ஏறினாலும் கால்சியம் சாதாரணத் தயிரைவிடக் கூடுவதில்லை. ‘கெட்டியாக இருக்கிறது, எல்லாச் சத்தும் இரட்டிப்பு’ என்ற எண்ணம் கால்சியம் விஷயத்தில் பொய். அந்தத் தண்ணீரின் மஞ்சள் கலந்த பச்சை நிறமும் வீண் நிறமன்று. அது ரிபோஃப்ளேவின், பி2 வைட்டமின்.

சர்க்கரையும் புளிப்பும் இதே விதிக்கு உட்பட்டவை, இங்கே தவறான நம்பிக்கை எதிர்த்திசையில் ஓடுகிறது. புளித்த தண்ணீர் போய்விட்டதால் புளிப்பும் போய்விட்டது என்று சொல்வதைக் கேட்கலாம். உப்புத் தண்ணீரில் பாதியைக் கொட்டினால் மீதிப் பாதியின் கரிப்பு குறையாது. தயிரில் தங்கும் தண்ணீரிலும் லாக்டிக் அமிலம் அதே அடர்வில்தான் இருக்கிறது. கொழுப்பும் புரதமும் கூடியதால் நாக்கு அதை மென்மையாக உணர்கிறது. லாக்டோஸும் அப்படியே: மொத்தத்தில் பெரும்பகுதி வெளியேறினாலும், நூறு கிராமுக்கு என்று பார்த்தால் தண்ணீரின் விகிதம் குறைந்த அளவுக்கு மட்டுமே குறைகிறது. பால் ஒத்துக்கொள்ளாத பெரியவர்கள் நம்மவரிடையே நிறையப் பேர். அவர்களுக்குத் தயிர் ஒத்துக்கொள்வதில் வடித்தலைவிட, உயிரோடு இருக்கும் பாக்டீரியா குடலுக்குள்ளும் லாக்டோஸை உடைக்கும் நொதியைத் தருவதே பெரிய பங்கு.

அப்படியானால் லிட்டருக்கு 600 மில்லிக்கு மேல் வடியும் இந்தத் தண்ணீரை என்ன செய்வது? ஆலைகளுக்கு இது தலைவலி. அமிலமும் சர்க்கரையும் கொண்ட இந்த நீர் ஆற்றில் கலந்தால், அதைத் தின்னப் பெருகும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிட மீன்கள் மூச்சுமுட்டிச் சாகும். நியூயார்க் மாநிலத்தில் கிரீக் யோகர்ட் ஆலைகள் பெருகியபோது அதைக் கால்நடைத் தீவனத்துக்கும் வயலுக்கும் சாண எரிவாயுக் கலன்களுக்கும் அனுப்பவேண்டி வந்தது. வீட்டில் அந்தச் சங்கடம் இல்லை. நம் சமையலில் புளித்த மெல்லிய நீருக்கு இடம் ஏராளம். சப்பாத்தி மாவு பிசையலாம், அவியலிலும் மோர்க்குழம்பிலும் தண்ணீருக்குப் பதில் விடலாம், பெருங்காயமும் கறிவேப்பிலையும் உப்பும் போட்டு அப்படியே குடிக்கலாம். கிரேக்கத்திலோ அமெரிக்காவிலோ கழிவாகக் கருதப்படும் கால்சியம் இப்படிச் சாப்பாட்டுக்கே திரும்புகிறது. வடித்தலை எதிர்க்கும் பெரியவரின் வாதத்துக்கு ஒழுங்கான பதில் இதுதான்: சத்துப் போவது உண்மை, ஆனால் பக்கத்துப் பாத்திரத்துக்குத்தான் போகிறது.

மின்கட்டணத்தைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. லண்டனில் யூனிட் விலை ஏறியிருக்கும் காலத்தில் பத்து நிமிடம் கூடுதலாகக் காய்ச்சுவது விரயம் என்கிறார்கள். ஒரு லிட்டர் பாலைக் குளிர்பெட்டியின் சூட்டிலிருந்து 85 டிகிரிக்கு ஏற்றத் தேவையான ஆற்றல் 0.1 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. பாத்திரத்திலும் காற்றிலும் இழப்பதையும், பத்து நிமிடம் அதே சூட்டில் பிடித்து வைப்பதையும் சேர்த்தாலும் அரை யூனிட்டைத் தொடாது. காய்ச்சாமல் விட்டு இழக்கும் புரதத்தைப் பாலாக வாங்கவேண்டுமானால் 100 மில்லிக்கு மேல் கூடுதலாக வாங்கவேண்டும். எது மலிவு என்பதை அவரவர் கடை விலையை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாத் தயிரையும் வடிக்கவேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. தயிர் சாதத்துக்கு வடித்த தயிரைப் போட்டால் சோறு அதன் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு கட்டிதட்டும், பிறகு பால் ஊற்றித் தளர்த்தவேண்டும். வடித்ததற்கே அர்த்தமில்லாமல் போகும். பச்சடிக்கு வடித்தது நன்று, ஏனென்றால் வெள்ளரிக்காயும் வெங்காயமும் தாமே நீர்விடும். தந்தூரி மசாலா ஊறவைக்க வடித்தது மிக நன்று, கறியில் ஒட்டி நிற்கும். பழத்தோடு உண்பதற்கு, பள்ளிப் பிள்ளைகளின் மதிய டப்பாவுக்கு, பயணத்துக்கு ஒழுகாமல் எடுத்துப்போக, இவற்றுக்கெல்லாம் துணியை எடுக்கலாம். எடுக்கும்போது கடிகாரத்தைவிடத் தராசு உதவும்: கீழே வைக்கும் பாத்திரத்தை முதலில் எடைபோட்டுவிட்டால், எவ்வளவு வடிந்தது என்பதை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். 600 கிராமில் நிறுத்த நினைத்தது மறதியில் 700ஐத் தாண்டிவிட்டால், வடிந்ததிலிருந்து 100 கிராமைத் திரும்ப ஊற்றிக் கரண்டியால் அடித்துக் கலக்கினால் தயிர் அதை மறுபடி வாங்கிக்கொள்ளும்.